நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை பார்க்க: லக்சால் ஃபாஸ்ட் ப்ளூ என்ற நீலச் சாயமா, எலக்ட்ரான் நுண்ணோக்கியா?

நேரம்: லக்சாலுக்குப் பாரஃபின் மெழுகில் பதித்துச் சீவிய திசு போதும், 0.1% கரைசலில் 56–60 டிகிரி சூட்டில் ஓர் இரவு. எலக்ட்ரானுக்குப் பல நாள்.

நுணுக்கம்: பெருமூளைப் பாலமான கார்பஸ் கலோசத்தில் உறையுள்ள இழைகளோடு உறையில்லாத மெல்லிழைகளும் நெருங்கிக் கிடக்கும். லக்சாலில் எல்லாம் ஒரே நீலத் திட்டு. எலக்ட்ரானில் உறையின் ஒவ்வொரு சுற்றும் தெரியும். ஆக்சான் (உறைக்குள் இருக்கும் நரம்பிழை) விட்டத்தை உறையோடு சேர்ந்த முழு இழை விட்டத்தால் வகுத்து, உறைத் தடிமனைக் காட்டும் ஜி-விகிதம் எடுக்கலாம்.

கெடுவது: லக்சாலில் மிகுந்த சாயத்தை நீக்கும் லித்தியம் கார்பனேட்டில் கொஞ்சம் கூடுதலாக விட்டாலும் நீலம் வெளிறி, நல்ல திசுவே உறையிழந்ததுபோல் ஏமாற்றும். ஆகவே சாதாரண நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்தே நிறம் நீக்குங்கள். எலக்ட்ரானுக்குத் திசுவைப் பதப்படுத்தும் ஆஸ்மியம் டெட்ராக்சைடோ மெதுவாகத்தான் ஊடுருவும். துண்டு 1 மி.மீ.க்கு மேல் தடித்தால் நடுப்பகுதி வீண். அதன் ஆவி கண்ணைக் கெடுக்கும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் கட்டாயம்.

எங்கே உறை அழிந்தது என்று தேட லக்சால். இழைவாரியாக உறைத் தடிமன் அளக்க எலக்ட்ரான்தான்.