மேளம் கட்டிய கை

அம்மாவின் வீணை ஆறு ஆண்டுகளாக உறையை விட்டு வெளியே வராமல் கிடந்து, சித்திரை வெயிலில் மெழுகு இளகி, தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகளான மெட்டுகளில் மேல் ஸ்தாயியில் நான்கு சரிந்துவிட்ட நிலையில், யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கும் வாத்தியத் திருத்தகத்துக்கு அதை எடுத்துச் சென்றேன். பெயர்ப்பலகை கிடையாது. நடத்துபவர் மிருதங்கத்தில் தொடங்கி, வயலினுக்கு மாறி, வீணையில் நிலைத்தவர். மூன்றையும் கச்சேரிகளில் வாசித்த காதுக்குத்தான் இங்கே கூலி.

24 மெட்டுகளையும் கழற்றி, பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த புது மெழுகை ஏற்றி மேளம் கட்டினார், அதாவது ஒவ்வொரு மெட்டையும் அதன் சுரத்துக்குரிய இடத்தில் பதித்தார். சுருதி பார்க்கும் செயலி கைபேசியில் இருந்தும், அடிப்படைச் சுருதியான ஆதார சட்ஜத்துக்கு அப்பால் அதை அவர் நம்பவில்லை. வயலினில் ஒவ்வொரு சுரத்தையும் நீட்டிப் பிடித்தபடி வீணையின் முதல் தந்தியான சாரணியை என்னை மீட்டச் சொல்லி, இரண்டு ஒலிக்கும் இடையிலான அதிர்வு அடங்கும் வரை, சூடாக்கிய கம்பியால் மெழுகை இளக்கி மெட்டை மயிரிழை அளவு நகர்த்தினார். அந்தர காந்தாரம் என்ற சுரத்துக்கு மட்டும் மூன்று தடவை.

இடையில் பேச்சு வீணை எஸ். பாலசந்தரிடம் போனது. 1927 இல் பிறந்து, சிறுவயதில் கஞ்சிராவோடு மேடையேறி, தபேலா, சித்தார் என்று பலவற்றையும் வாசித்து, குரு இல்லாமலே வீணைக்கு வந்தவர் அவர்; 1954 இல் பாடல்களே இல்லாத தமிழ்ப் படம் ஒன்றையும் இயக்கினார். ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களை எடுக்கும் அவருடைய பாணியைப் பின்பற்றுகிறவர்களின் வீணையில் மெழுகு விரைவில் தளரும் என்பது திருத்துபவரின் கணிப்பு. அம்மாவும் அப்படித்தான் இழுப்பார். அதற்காகவே ரிஷப மெட்டில் சாரணியை மத்திமம் வரை இழுத்துக் காட்டிய பிறகே வேலை முடிந்ததாக அவர் ஒப்புக்கொண்டார்.

குறை உண்டு. ஆவணி இறுதியில் கொடுத்த வீணையை இரண்டு வாரத்தில் தருவதாகச் சொன்னவர், வாணி விழா முடிந்து மூன்றாம் நாள்தான் தந்தார்; இடையில் ஓர் அழைப்பும் இல்லை. உடன் கொடுத்த மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையும் எதிர்பார்த்த அளவுக்குப் பேசவில்லை. தோல் வேலையை அவர் வெளியே கொடுத்துச் செய்விக்கிறார். கூலியை முன்னரே சொன்னார், தந்திகளுக்குத் தனியாக வாங்கினார், மறைவாக எதுவும் சேர்க்கவில்லை.

காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடப்பதால் பின்னேரத்தில் போவது நல்லது. ஆட்டோவில் கொண்டு போகிறவர்கள் வீணையின் சுரைக்காய்க் குடத்துக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.