3,850 ரூபாய் போச்சு: வீடியோ காட்டி வாட்ஸ்அப்பில் டார்ச் விற்பவர்களிடம் உஷாராக இருங்கள்

இன்று காலை 9 மணிக்கு அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனது 3,850 ரூபாய். கடைப் பெயரை நான் போடவில்லை. பெயர் தெரிந்தும் பயனில்லை, நாளைக்கே வேறு பெயரில் வேறு வீடியோவோடு வருவார்கள். ஆள் எப்படிப் பேசுவார், எப்படி நம்ப வைப்பார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டார்ச்சை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுக்குப் பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது பாதி மரம் சாய்ந்தது, அதற்கப்புறம் பல நாள் கரண்ட் கிடையாது. அந்த இருட்டில்தான் டார்ச்சின் அருமை தெரிந்தது. அப்போது வாங்கிய ஒரு சின்ன டார்ச் இந்த ஆடி மாதம் வரைக்கும் என் சட்டைப் பையிலேயே இருந்தது. 18650 என்கிற அளவுப் பேட்டரி ஒன்றே ஒன்றில் ஓடுவது. உள்ளங்கை நீளம்தான். இருட்டில் தடவினாலே கைக்குக் கிடைக்கிற மாதிரி பக்கவாட்டில் பட்டன். அழுத்திப் பிடித்தால் மங்கலாக எரியும், வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் தண்ணீர் குடிக்கப் போகலாம். இரண்டு முறை தட்டினால் தோப்பின் கடைசி வரிசை மரம் வரைக்கும் தெரியும். கேஸ் சிலிண்டர் மாற்றுவதற்கு, பைக் பஞ்சரானால், மாடு கன்று போடும் ராத்திரிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். ஆடியில் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது பையிலிருந்து நழுவி உள்ளே போய்விட்டது. மிஞ்சியது அதோடு வாங்கிய உபரி பேட்டரி ஒன்று. அந்தப் பேட்டரி பின்னால் எனக்குச் சாட்சியாக வந்தது, சொல்கிறேன்.

புது டார்ச் எனக்கு மட்டும் இல்லை. அப்பாவுக்கு 68 வயது. மோட்டார் ஓடுவதற்கான மும்முனை கரண்ட் ராத்திரி முறையாக வந்தால் மோட்டார் போட அவர்தான் போவார், என்னைப் போக விடமாட்டார். வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகைக்கு ஒரு நானூறு மீட்டர், வரப்பிலேயே நடக்க வேண்டும். வழியெல்லாம் தென்னை மட்டை விழுந்து கிடக்கும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் இரை தேடி வெளியே வரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கு டார்ச் விளையாட்டுச் சாமான் இல்லை.

ஆவணி கடைசியில் போனில் ஒரு வீடியோ வந்தது. நல்ல தமிழில், நம்ம ஊர்க்காரர் மாதிரியே ஒருவர் பேசுகிறார். டார்ச்சை வாளித் தண்ணீரில் போட்டு எடுக்கிறார், தரையில் எறிகிறார், மேலே பைக்கை ஏற்றுகிறார். "விவசாயிகளுக்குன்னே செஞ்சது" என்கிறார். வெளிச்சம் 10,000 லூமென், பேட்டரி தாங்கும் அளவு 9,900 எம்ஏஎச், தண்ணீரும் தூசியும் புகாது என்பதற்கு ஐபி68, எட்டு மணி நேரம் எரியும், 1,000 மீட்டர் வெளிச்சம். கீழே வாட்ஸ்அப் நம்பர்.

மெசேஜ் போட்ட அஞ்சு நிமிடத்தில் அவரே போன் செய்தார். இருபது நிமிடம் பேசினார். எந்த ஊர், எத்தனை மரம், காய் என்ன விலை போகிறது என்று கேட்டார். அப்பாவுக்கு என்று சொன்னதும் குரலே மாறியது. "அண்ணே, அப்பாவுக்கா? அப்ப ஸ்டாக்ல இருந்து சும்மா எடுத்து அனுப்ப மாட்டேன். நானே ஒரு ராத்திரி எரிச்சுப் பார்த்துட்டு அனுப்புறேன். எங்க அப்பாவும் வயல்ல கிடந்தவர்தான்ணே."

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். 18650 பேட்டரியில் 9,900 எம்ஏஎச் எப்படி வரும், என் பழையதில் 3,400 என்றுதானே போட்டிருக்கிறது என்று. "அது பழைய செல்லுண்ணே, இது புது கெமிஸ்ட்ரி" என்றார். எனக்கு உள்ளுக்குள் இடித்தது. ஆனால் அப்பாவைப் பற்றிப் பேசியவரிடம் மறுபடி நோண்டிக் கேட்க மனசு வரவில்லை. டார்ச் 3,200, உபரி பேட்டரி 450, கூரியர் 200. மொத்தம் 3,850 ரூபாயை யுபிஐயில் போட்டேன். பொருள் வந்த பிறகு பணம் தருகிறேன் என்றதற்கு, "அதுக்கு ஸ்டாக் ஒதுக்க முடியாதுண்ணே, இன்னைக்கே கடைசி பீஸ்" என்றார். பணம் போனது கடைப் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு. அதையும் பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

ஆறாம் நாள் பார்சல் வந்தது. பில் என்று உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, அதில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை. டார்ச் பார்க்க நன்றாகவே இருந்தது. போன் சார்ஜரில் இருபக்கமும் டைப்-சி இருக்கிற ஒயரைப் போட்டால் சார்ஜ் ஏறவில்லை, அவர்கள் கொடுத்த ஒயரில் மட்டும் ஏறியது. பட்டனைத் தட்டினால் பளீரென்று அடித்தது. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மகாளய அமாவாசைக்கு முந்தின ராத்திரி 11 மணிக்குக் கரண்ட் வந்தது. அப்பா டார்ச்சோடு போனார். மோட்டாரைப் போட்டு, மடையைத் திருப்பிவிட்டுத் திரும்பும்போது பாதி வரப்பில் டார்ச் பொசுக்கென்று நின்றுவிட்டது. மங்கி மங்கி நிற்கவில்லை, சிவப்பு விளக்கு எதுவும் எரிந்து எச்சரிக்கவில்லை. சார்ஜ் ஏற்றிய அன்றே, அரை மணி நேரம்கூட எரிந்திருக்காது. அப்பா போன் எடுத்துப் போகும் வழக்கமில்லை. மை இருட்டு. காலால் தடவித் தடவி வந்தவர் வாய்க்காலில் சறுக்கி விழுந்து கையை ஊன்றியிருக்கிறார். பன்னிரண்டரைக்கு வாசலில் வந்து நின்றபோது மணிக்கட்டு வீங்கியிருந்தது, வேட்டி முழுக்கச் சேறு. "ஒண்ணும் இல்லடா, லைட்டு கொஞ்சம் மக்கர் பண்ணிருச்சு" என்றார். அம்மா அன்று ராத்திரி தூங்கவே இல்லை. நல்ல வேளை எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான். ஆனால் அவர் கை ஊன்றிய இடத்தில் ஒரு மட்டையும் அதற்கடியில் ஒரு ஜீவனும் இருந்திருந்தால்?

மறுநாள் பேட்டரியைக் கழற்றி, என் பழைய பேட்டரியை ஒரு கையிலும் இதை ஒரு கையிலுமாக வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அளவு மாறாது. ஆனால் கைக்குத் தெரிந்தது. பஜாரில் தெரிந்த நகைக்கடைக்குப் போய்த் தராசில் வைத்தேன். பழையது 47 கிராம். புதியது 27. உபரி என்று 450 ரூபாய்க்கு விற்றார்களே, அதுவும் 27. நகைக்கடைக்காரர் சிரிக்கவில்லை, "உள்ள என்னப்பா வச்சிருக்கான்?" என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து மொபைல் சர்வீஸ் கடைக்கு. அந்தத் தம்பியிடம் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று அளந்து காட்டுகிற சார்ஜர் இருக்கிறது. வெளியே அச்சடித்திருப்பது 9,900. மீட்டர் காட்டியது 780. நல்ல கம்பெனி 18650 பேட்டரியே சாதாரணமாக 3,500, 3,600-க்கு மேல் போகாது என்று அவன்தான் சொன்னான். "புது கெமிஸ்ட்ரி"யாம்!

வீட்டுக்கு வந்து டார்ச்சின் அடி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மரையை ஒட்டி ரப்பர் வளையம் உட்காருவதற்குச் சுற்றிலும் பள்ளம் வெட்டியிருக்கிறது. பள்ளம் இருக்கிறது, வளையம் இல்லை. தண்ணீர் புகாது என்று வாளியில் போட்டுக் காட்டினார்களே, அந்த டார்ச்சில் இருந்திருக்கும். எனக்கு வந்ததில் ஒரு தூறலுக்கே கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்துவிட்டது.

இனி அவர்கள் பேசிய பேச்சு. முதல் நாள் போன் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு பெண் பேசினார், "டெக்னிக்கல் டீம்கிட்ட சொல்றேன் சார்." நான்காம் நாள் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். வீடியோவில் தேதி தெரியவில்லையாம், மறுபடி அனுப்பினேன். தராசுப் படத்தையும் அனுப்பினேன். "உங்க சார்ஜர் கோளாறா இருக்கும்" என்று பதில். ஒயர்கூட அவர்கள் கொடுத்தது. பழைய பேட்டரியைப் போட்டால் எரிகிறது, உங்கள் பேட்டரியைப் போட்டால்தான் நிற்கிறது என்று விளக்கினேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "அப்ப லைட்ல குறை இல்லையே சார். பேட்டரிக்கு வாரண்டி கிடையாது." பேட்டரி இல்லாத டார்ச்சை வைத்து என்ன செய்வது, தேங்காய் உடைப்பதா?

ஒன்பதாம் நாள் அந்த ஆளே எடுத்தார், அப்பாவைப் பற்றி உருகினாரே அவர். அப்பா விழுந்ததைச் சொன்னேன். இரண்டு விநாடி பேச்சில்லை. பிறகு, "சார், டெய்லி நூறு ஆர்டர் பார்க்கிறேன், எது உங்களோடதுன்னு ஞாபகமில்ல" என்றார். பணம் போடும் வரைக்கும் அண்ணே, பணம் போட்ட பிறகு சார். 3,850 ரூபாயைவிட எனக்கு அதுதான் வலிக்கிறது. நேற்று ராத்திரி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்று எழுதினேன். காலையில் பிளாக்.

1915-க்குப் பேசிப் புகார் பதிந்துவிட்டேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண். ஆன்லைனில் விற்கிறவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-இல் வந்த விதியே இருக்கிறது. ஆனால் யார் மேல் புகார் என்று கேட்டால் என்னிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் நம்பரும் ஒரு யுபிஐ ஐடியும்தான். 1930 சைபர் கிரைம் நம்பருக்கும் சொல்லியிருக்கிறேன். முகவரி கேட்காமல் பணம் போட்டதன் பலன் இது. 3,850 ரூபாய், எங்களுக்குத் தோப்பில் ஒரு வாரக் கூலி.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது ராத்திரி மணி பத்தே முக்கால், இன்றைக்கும் ராத்திரி முறை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

18650 பேட்டரியில் 4,000-க்கு மேல் எம்ஏஎச் போட்டிருந்தால் அந்தக் கடையே வேண்டாம். கையில் வாங்கியதும் எடை போடுங்கள், 45 கிராமுக்கு ரொம்பக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். சட்டைப் பையில் வைக்கிற ஒற்றைப் பேட்டரி டார்ச்சில் 10,000 லூமென் வராது, ஆயிரத்துச் சொச்சம் வந்தாலே அதிகம், அதுவும் சில நிமிடம்தான், சூடேறினால் குறைந்துவிடும். வரப்பில் நடக்க நூறு லூமென் தாராளம். இத்தனை மீட்டர் தூரம் அடிக்கும் என்ற கணக்கை நம்பாதீர்கள், டார்ச்சை அளப்பதற்கென்றே இருக்கிற எஃப்எல்1 என்ற முறைப்படி அளந்தாலும் அந்தத் தூரத்தில் கிடைப்பது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுதான், பாம்பு தெரியாது. மூடியைத் திருகி ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். வெளியூர்க்காரரிடம் முன்பணம் போடாதீர்கள். முடிந்தால் கடைக்குப் போய், கையில் பிடித்து, இருட்டு மூலையில் அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

பக்கத்துத் தோப்பு மாமாவிடம் அவருடைய பழைய மூணு கட்டை டார்ச்சை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். அப்பாவை இன்று படுக்கச் சொல்லிவிட்டேன். கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடப் போகிறேன்.