லுவாரா, தோர்தோஞ்ஞா, பிரிட்டனிக் கால்வாயா? பிரான்சின் காட்டோர, ஆற்றோரச் சைக்கிள் பாதைகள்

பிரான்சில் சைக்கிளில் ஊர் சுற்றப் போகிறேன் என்று சொன்னால் பத்துக்கு ஒன்பது பேர் லுவார் நதிக்கரையைத்தான் கை காட்டுவார்கள். தப்பான யோசனை இல்லை. ஆனால் காடும் ஆறும் சேர்ந்தே வேண்டும், அதுவும் கோடையில்தான் லீவு கிடைக்கும் என்பவருக்கு லுவாரை நான் முதலில் சொல்ல மாட்டேன். பிரான்சின் வடமேற்குப் பகுதியான பிரிட்டனியில், நாந்த் நகரத்திலிருந்து பிரெஸ்ட் பக்கம் போகும் பழைய கால்வாயைத்தான் சொல்வேன். தொடையில் பலம் இருந்து, மேடு ஏறுவதில் ஆசையும் இருந்தால் தென்மேற்கிலுள்ள தோர்தோஞ், வெசேர் ஆறுகளின் பள்ளத்தாக்குகள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

லுவாரிலிருந்தே தொடங்கலாம். நெவேர் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள குஃபியில் ஆரம்பித்து, அட்லாண்டிக் கரையில் சேன்-பிரெவான் வரை ஏறத்தாழ 900 கி.மீ. பாதை. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 நெடும்பாதையில் இதுவும் சேர்ந்தது. வழிகாட்டிப் பலகைகள் நன்றாக இருக்கும், மேடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஆற்றின் நடுப்பகுதி, சுல்லியிலிருந்து ஷலோன் வரை, 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. வழியில் அம்புவாஸ், ஷினோன், சோமூர் என்று கோட்டைக்குக் குறைவில்லை. பிரியாரில் இன்னொரு அதிசயம்: 1896-ல் திறந்த 662 மீட்டர் நீளப் பாலத்தில் கால்வாய் ஒன்று லுவாரின் தலைக்கு மேலே போகிறது. அதன் ஓரத்து நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கைக்கெட்டும் தூரத்தில் கால்வாய்த் தண்ணீர், கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் கீழே ஆறு.

தங்குமிடத்துக்கும் லுவாரில் கவலை இல்லை. 'அக்கேய் வெலோ' என்ற முத்திரை மாட்டிய விடுதிகளும் முகாம்களும் பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும். சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் தருவார்கள், பஞ்சர் ஒட்டச் சாமான் வைத்திருப்பார்கள். இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கும் இந்த ஏற்பாடு பிறந்ததே லுவார் கரையில்தான். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு லுவாரையே சொல்வேன்.

சரி, குறை என்ன? வெயில். வெள்ளத்தைத் தடுக்க நூற்றாண்டுகளாகக் கட்டிய உயரமான கரைகளின் மேலேயே பாதை பல இடங்களில் போகிறது. ஆறு அழகாகத் தெரியும், மணல் திட்டுகளும் ஆலாப் பறவைகளும் தெரியும். ஆனால் தலைக்கு மேல் ஒரு கிளை இருக்காது. ஜூலை மத்தியானத்தில் அந்தக் கரைமேல் மிதிப்பதற்கு வைராக்கியம் வேண்டும். போதாததற்குக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். ஆற்றோட்டத்தோடு கடலை நோக்கிப் போகிறவர் அந்தக் காற்றை மார்பில் வாங்கிக்கொண்டே போக வேண்டும். கடலில் ஆரம்பித்துக் கிழக்கே வந்தால் காற்று முதுகைத் தள்ளும். ஏறிக்கொண்டுதானே வரவேண்டும் என்று யோசிக்க வேண்டாம், அந்த ஏற்றத்தைக் கால் உணராது.

லுவாரில் காடே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் காட்டுக்காகப் பாதையை விட்டு ஒதுங்க வேண்டும். வடக்கே 35,000 ஹெக்டேரில் ஓர்லேயோன் அரசுக் காடு, தெற்கே ஏரிகளும் குட்டைகளும் நிறைந்த சொலோஞ். ஒரே ஒரு காட்டுக்குத்தான் நேரம் என்றால் ஷாம்போருக்குப் போங்கள். அரண்மனையைச் சுற்றி 5,440 ஹெக்டேர் காடு, அதை வளைத்து 32 கி.மீ. மதில். செப்டம்பர் கடைசியில் பொழுது சாயும் நேரத்தில் கலைமான்கள் இணைக்காகக் கத்துவது அடிவயிற்றில் அதிரும். ஆனால் அங்கே ஆறு இருந்தும் இல்லாத மாதிரிதான். மதிலுக்குள் ஓடும் கோசோன் ஒரு சிற்றாறு. லுவாரில் ஆறு ஒரு பக்கம், காடு ஒரு பக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம் தோர்தோஞ். இங்கே காட்டுக்குப் பஞ்சமே இல்லை. அந்த மாவட்டத்தில் 40 சதவீதத்துக்கு மேல் காடுதான், ஓக்கும் செஸ்ட்நட்டும். ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்து வளைந்து வளைந்து போகும். லா ரோக்-கஜாக் ஊர் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பெய்னாக் கோட்டையும் காஸ்டெல்நோ கோட்டையும் ஆற்றுக்கு இருபுறமும் எதிரெதிரே நிற்கும். நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் கையில், இன்னொன்று ஆங்கிலேயர் கையில் இருந்த காலம் உண்டு. லிமோயில் வெசேர் வந்து தோர்தோஞ்ஞில் கலக்கிறது. வெசேர் வழியே மேலே போனால் லே-எசி, அதையும் தாண்டினால் மோந்திஞ்ஞாக். அங்கேதான் 1940 செப்டம்பரில் நாலு பையன்கள் ஆதிமனிதர் வரைந்த லாஸ்கோ குகை ஓவியங்களைக் கண்டெடுத்தார்கள். பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுக்கிறது என்று 1963-ல் குகையை மூடிவிட்டார்கள். 2016 டிசம்பரில் திறந்த முழு நகல் குகையை இப்போது பார்க்கலாம். நகல்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள், பாறையின் மேடு பள்ளம் வரை அப்படியே செய்திருக்கிறார்கள்.

பாதைதான் இங்கே சிக்கல். சர்லாவிலிருந்து கசூலேஸ் வரை பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கிய 25 கி.மீ. அளவிலான துண்டு ஒன்று அருமையாக இருக்கிறது. வால்நட் தோப்புகளுக்கு நடுவே, சுரங்கம், பாலம் என்று தாண்டிக்கொண்டு போகும். மற்றபடி நீண்ட தூரத்துக்கு ஊர்ச்சாலைதான். ஆற்றோரத்துச் சாலை சமமாக இருக்கும், ஆனால் ஜூலை, ஆகஸ்டில் கார் வரிசை விடாது. கார் வராத சாலை வேண்டுமென்றால் காட்டுக்குள் ஏற வேண்டும். ஆற்றிலிருந்து 150 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொம் ஊருக்கு, சைக்கிளின் பின்பக்கம் இரண்டு பை, கூடாரம், சமையல் சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு ஏறிப் பார்த்தால்தான் சின்ன கியரின் அருமை தெரியும். மேலே போய்ச் சேர்ந்ததும் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் கிடக்கும், அந்தக் காட்சிக்காக இன்னொரு முறையும் ஏறலாம். ஆனால் ஒரு நாளில் இப்படி மூன்று நான்கு ஏற்றம் வரும். அறுபது கி.மீ. என்று திட்டம் போட்டவர் நாற்பதில் நின்றுவிடுவார். மே அல்லது செப்டம்பரில், கூடாரம் தூக்காமல், விடுதியில் தங்கிப் போவதானால் மூன்றில் கண்ணுக்கு நிறைந்தது தோர்தோஞ்தான்.

சாப்பாட்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தோர்தோஞ் பக்கம் எங்கே திரும்பினாலும் வாத்துதான். காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் ரொட்டி, சீஸ், வால்நட், சந்தைப் பழம் என்று சமாளிக்க வேண்டியிருக்கும். பிரிட்டனியில் பக்வீட் மாவில் தோசை மாதிரி மெல்லியதாக வார்க்கும் கலெத் கிடைக்கும். சீஸும் காளானும் வைத்துத் தரச் சொன்னால் வயிறு நிறையும், காசும் அதிகம் ஆகாது.

இப்போது அந்தப் பிரிட்டனிக் கால்வாய். ஆங்கிலேயக் கடற்படை பிரெஸ்ட் துறைமுகத்தை முற்றுகையிட்ட காலத்தில், கடலுக்குப் போகாமலே நாந்திலிருந்து சரக்கு கொண்டுபோக நெப்போலியன் போட்ட திட்டம் இது. 1811-ல் வேலை தொடங்கி 1842-ல்தான் முழுவதும் திறந்தது. 364 கி.மீ. நீளம், படகை ஏற்றி இறக்க 238 மதகுகள். பெரும்பகுதி வெட்டிய கால்வாயே அல்ல. இசாக், ஊஸ்ட், பிளவே, ஓல்ன் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆறுகளை மதகு போட்டு அடக்கி, ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். அதனால்தான் கால்வாய் என்ற பெயரில் ஆற்றுப் பள்ளத்தாக்கே கிடைக்கிறது. ஒரு காலத்தில் படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைதான் இன்றைய சைக்கிள் பாதை. பெரும்பாலும் கார் கிடையாது, மேடு கிடையாது, நெடுந்தூரத்துக்கு இருபுறமும் மரம்.

மதகுக்கு மதகு ஒரு காவலர் வீடு. கல் சுவர், ஸ்லேட் பலகைக் கூரை, சன்னலில் பூத்தொட்டி. சில வீடுகள் இப்போது சிற்றுண்டிக் கடையாகவோ தங்குமிடமாகவோ மாறியிருக்கின்றன. ஏற்றம் என்று வருவதெல்லாம் மதகு இருக்கும் இடத்தில்தான். வாசல் சாய்தளம் அளவுக்கு ஒரு சின்னச் சரிவு, நாலு மிதியில் தாண்டிவிடலாம். ரொஆனுக்கும் போன்டிவிக்கும் நடுவே 25 கி.மீ.க்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட மதகுகள் வரும். ஜோஸ்லானில் ஊஸ்ட் ஆற்றங்கரையிலேயே ரொஆன் குடும்பத்தின் கோட்டை மூன்று கோபுரங்களோடு நிமிர்ந்து நிற்கிறது. குளோமெல் அருகே கால்வாயின் உச்சி. அங்கே 3 கி.மீ.க்கு மேல் நீளும் ஆழமான வெட்டு ஒன்று இருக்கிறது. 1823 முதல் 1832 வரை கைதிகளை வைத்து மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் தோண்ட வைத்தார்கள். இன்று இரண்டு சரிவிலும் மரம் மூடி, பாதை பச்சைக் குகைபோல் இருக்கிறது. கடக்கும்போது சைக்கிளை நிறுத்தி அந்தச் சரிவின் உயரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.

இங்கேயும் குறை உண்டு. 1930-ல் முடிந்த கெர்லெதான் அணை கால்வாயை நடுவில் அறுத்துவிட்டது, பல மதகுகள் ஏரிக்கு அடியில் போய்விட்டன. சைக்கிள்காரர்கள் ஏரியின் வடக்கே பழைய ரயில் தடத்தில் சுற்றிப் போக வேண்டும். எதிர்க்கரையில் கெனெகான் காடு இருப்பதால் நான் அதைக் குறையாகவே எண்ணவில்லை. நாந்த் பக்கத்து எர்த்ர் ஆற்றுப் பகுதியில் பாதை தண்ணீரை விட்டு விலகிச் சாலைக்குப் போகிறது. கரைப்பாதை தார் போட்டதல்ல, மழை பெய்தால் சேறாகும், ஒல்லி டயர் உதவாது. பிரிட்டனியில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் டயர் குறைந்தது 35 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். லுவார் மாதிரி தினம் ஒரு அரண்மனையும் கிடைக்காது. மூன்றாம் நாள் 'இன்னும் எத்தனை மதகு?' என்று சலித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தோர்தோஞ் பொருந்தும்.

காடு என்றதும் சிலர் தென்மேற்கின் லாந்த் பைன் காட்டையும் கேட்பார்கள். சுமார் பத்து லட்சம் ஹெக்டேர், மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய வளர்ப்புக் காடு. அட்லாண்டிக் கரையோரச் சைக்கிள் பாதை அதனூடே போகிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு நல்லது. ஆற்றுப் பள்ளத்தாக்கு தேடுகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. 2022 ஜூலைத் தீயில் லா தெஸ்த்தையும் லாந்திராசையும் சுற்றி மட்டும் சுமார் 20,000 ஹெக்டேர் எரிந்தது. தீ அபாயம் கூடினால் காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள், கோடையில் அதை நம்பித் திட்டம் போடுவது கஷ்டம்.

எந்தப் பாதைக்குப் போனாலும் சில விஷயங்கள் ஒன்றுதான். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கிராமத்தில் கடை இருக்காது, பல ஊர்களில் திங்கள்கிழமை ரொட்டிக்கடையும் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் வாசலருகே குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம். இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள், அது வேட்டைப் பருவம்.

ரயில் வசதியில் லுவார்தான் முந்தும், கரையோரமாகவே ரயில் பாதை வருவதால் எங்கே அலுத்தாலும் ஏறிவிடலாம். தோர்தோஞ்ஞுக்குப் போர்தோவிலிருந்து சர்லா வரை உள்ளூர் ரயில் உண்டு. பிரிட்டனியின் நடுப்பகுதியில்தான் ரயில் அபூர்வம். ஒரு வாரம்தான் லீவு என்றால் முழுக் கால்வாயையும் முடிக்க அவசரப்பட வேண்டாம். ரெதோனில் ரயிலிலிருந்து இறங்கி, ஜோஸ்லான், போன்டிவி, கெர்லெதான், குளோமெல் வழியாகக் கரே என்ற ஊர் வரை போங்கள். 200 கி.மீ. அளவில் வரும், கால்வாயின் சிறந்த பகுதியும் அதுதான். கரேயிலிருந்து கேங்கான் நகருக்குச் சின்ன ரயில் ஒன்று ஓடுகிறது, அங்கே பாரிஸ் ரயில் பிடிக்கலாம். அந்தச் சின்ன ரயிலில் சைக்கிளுக்கு இடம் குறைவு என்பதால் புறப்படும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.