செயின்ட் ஆண்ட்ரூஸில் ரூம் தேடுகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஸ்காட்லாந்துக்குப் படிக்க வருகிறவர்கள், முக்கியமாக செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வருகிறவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிடுங்கள். போன செப்டம்பரில் நான் 1,300 பவுண்டு இழந்தேன். அப்பா எனக்காகப் போட்டு வைத்திருந்த பிக்சட் டெபாசிட்டை உடைத்து அனுப்பிய பணம் அது.

ஊர் ரொம்பச் சின்னது. 1413-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், இடிந்த கதீட்ரல், உலகமே வந்து விளையாடும் கோல்ஃப் மைதானம், இதற்கு நடுவில் சுமார் பத்தாயிரம் மாணவர்கள். உறவினர் அல்லாத மூன்று பேர் சேர்ந்து தங்கும் வீட்டுக்குத் தனி உரிமம் வேண்டும், இந்த ஊரில் அது புதிதாகக் கிடைப்பது அரிது. ஹாஸ்டலில் இடம் இல்லை என்று ஆகஸ்டில் மெயில் வந்ததும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. அந்தப் பதற்றத்தில்தான் ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். சவுத் ஸ்ட்ரீட், வெஸ்ட் போர்ட் வாசலுக்குப் பக்கத்தில், மாதம் 600 பவுண்டு.

கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை, நேரில் வந்து காட்ட முடியாது என்றான் விளம்பரம் போட்ட ஆள். ஒப்பந்தம் என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினான். ஒரு மாத வாடகை, ஒரு மாத டெபாசிட், அப்புறம் புக்கிங் கட்டணம் 100. ஊரில் அட்வான்ஸும் புரோக்கர் கமிஷனும் கொடுத்தே பழகியதால் அந்த 100 எனக்கு உறுத்தவே இல்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் வாடகையும் டெபாசிட்டும் தவிர வேறு எந்தக் கட்டணமும் குடியிருப்பவரிடம் வாங்கக் கூடாது, அது சட்டவிரோதம். இது ஒன்று தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

பக்கத்து ஊரான லூக்கர்ஸின் ஸ்டேஷனில் இறங்கி, 99-ஆம் நம்பர் பஸ் பிடித்து, இரண்டு பெட்டியோடு அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். அழைப்பு மணிப் பலகையில் நான்கு பொத்தான், நான்கு பெயர், அவன் சொன்ன வீட்டு எண் அதில் இல்லவே இல்லை. மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவர் என் போனில் விளம்பரத்திலிருந்த அறையின் படத்தைப் பார்த்துவிட்டு அதிலிருந்த ஜன்னலைக் காட்டினார். படத்தில் ஜன்னல் முழுக்க செயின்ட் ரூல்ஸ் கோபுரம். அந்தக் கோபுரம் கதீட்ரலுக்குள், தெருவின் மறுகோடியைத் தாண்டி இருக்கிறது, வெஸ்ட் போர்ட் பக்கமிருந்து அப்படித் தெரிய வாய்ப்பே இல்லை. மேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். அன்று ராத்திரி பக்கத்து நகரமான டண்டிக்குப் போய்த்தான் படுத்தேன்.

101-க்குப் போன் செய்து போலீஸில் புகார் கொடுத்தேன். பணம் திரும்பவில்லை. பிரிட்டன் கணக்கிலிருந்து பிரிட்டன் கணக்குக்கு அனுப்பி ஏமாந்தால் பெரும்பாலும் வங்கியே திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது, இந்தியாவிலிருந்து நேராக அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. நம்மில் பலர் அப்படித்தான் அனுப்புகிறோம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டு உரிமையாளரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஸ்காட்லாந்தில் வாடகைக்கு விடுபவர் பதிவு செய்தே ஆக வேண்டும், அந்தப் பதிவேட்டை ஆன்லைனில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். டெபாசிட் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது, அதை அங்கீகரிக்கப்பட்ட மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் 30 வேலை நாளுக்குள் போட வேண்டும். எந்தத் திட்டம் என்று கேட்டால் நேர்மையான ஆள் உடனே சொல்லிவிடுவார். இன்னொன்று, கேஒய்16 என்ற அஞ்சல் குறியீட்டை மட்டும் பார்த்து ஊருக்குள் என்று நம்பாதீர்கள், லூக்கர்ஸுக்கும் கார்ட்பிரிட்ஜுக்கும்கூட அதேதான். தூரம் தெரிந்தே எடுத்தால் அங்கே தங்குவதில் தப்பில்லை, நான் இப்போது கார்ட்பிரிட்ஜில்தான் இருக்கிறேன், அதே 99 பஸ்தான்.

போன வாரம் அந்தப் படத்தை இன்னொரு விளம்பரத்தில் மறுபடி பார்த்தேன். இந்த முறை நார்த் ஸ்ட்ரீட், 580 பவுண்டு. பச்சைத் திரை, ஜன்னல் திண்டில் நீலக் குவளை, பின்னால் அதே கோபுரம். கண்ணில் பட்டால் பதில்கூடப் போடாதீர்கள்.