ஓப்பன்ரிஃபைன்: தமிழ்ப் பெயர்ப் பட்டியலில் இரட்டைப் பதிவு நீக்க எவ்வளவு உதவும்?

எக்செல்லின் டேட்டா மெனுவில் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' பட்டன் 2007 பதிப்பிலிருந்து இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் வரிகளை அது நொடியில் நீக்கிவிடும். ஆனால் கோயில் நன்கொடைப் பட்டியல், முன்னாள் மாணவர் பட்டியல், கடை வாடிக்கையாளர் பட்டியல் போன்றவற்றில் அப்படி அச்சாக ஒத்துப்போகும் வரிகள் குறைவு. 'மு. செல்வம்', 'மு.செல்வம்', 'செல்வம் மு', கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்ட இன்னொரு 'மு. செல்வம்' என்று ஒரே ஆள் நாலு வரியில் இருப்பார். எக்செல்லுக்கு அவர் நாலு பேர்.

இந்த வகைப் பட்டியலுக்கு ஓப்பன்ரிஃபைன் ஏற்ற கருவி. இலவசம், திறமூலம். 2010இல் மெட்டாவெப் நிறுவனத்தில் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. அந்த நிறுவனத்தை வாங்கிய கூகுள் இதை கூகுள் ரிஃபைன் ஆக்கியது. 2012இல் கூகுள் கைவிட்ட பிறகு தன்னார்வலர்கள் இன்றைய பெயரில் நடத்தி வருகிறார்கள். இது பிரவுசரில் திறக்கும். ஆனாலும் தகவல் எங்கும் போவதில்லை. எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். உறுப்பினர்களின் போன் எண்ணும் முகவரியும் இருக்கும் கோப்பை முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றித் 'துப்புரவு' செய்வதைவிட இது எவ்வளவோ மேல். இது ஜாவாவில் ஓடுகிறது. விண்டோஸில் ஜாவா சேர்ந்தே வரும் பொதியை இறக்கினால் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.

கோப்பை ஏற்றும் கட்டத்திலேயே மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். சிஎஸ்வி (நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) என்றால் எழுத்துக் குறியாக்கத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் முழுதும் கட்டமும் கேள்விக்குறியுமாக வரும். செல்லில் இருப்பதை எண்ணாக மாற்றும் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் 0வில் தொடங்கும் எண்கள் முன் பூஜ்ஜியத்தை இழக்கும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலென்றால் முதலில் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். அதற்கு முன் செய்யும் எந்த ஒப்பீடும் வீண்.

சிஎஸ்வி கோப்பை இடையில் எக்செல்லில் திறந்து சேமித்துவிடாதீர்கள். 91 சேர்ந்த 12 இலக்க போன் எண்ணை எக்செல் சுருக்கி, '9.2E+11' என்பதுபோல் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் கோப்புக்குள் போகும். மீதி இலக்கங்கள் திரும்பி வராது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கம் 0 ஆகிவிடும். எண்ணை டெக்ஸ்ட்டாக வைத்திருந்தாலும் 'கவுண்ட்இஃப்' ஃபார்முலா ஒப்பிடும்போது அதை எண்ணாக்கிவிடுகிறது. கடைசி இலக்கம் மட்டும் மாறும் இரண்டு கணக்குகளை அது ஒன்றென்று சொல்லும். டூப்ளிகேட் கண்டுபிடிக்கப் பலரும் முதலில் போடும் ஃபார்முலா அதுதான்.

முதல் வேலை இடைவெளி. நெடுவரிசைத் தலைப்பின் அம்புக்குறியில் 'எடிட் செல்ஸ்', அதில் 'காமன் டிரான்ஸ்ஃபார்ம்ஸ்'. இங்கே தொடர் இடைவெளிகளை ஒன்றாக்கும் கட்டளையை முதலிலும், முன்பின் இடைவெளியை வெட்டும் கட்டளையை அடுத்தும் கொடுங்கள். வாட்ஸ்அப் வெப், இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டிய பெயர்களில் 'நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்' என்ற வேறொரு இடைவெளி வரும். கண்ணுக்குச் சாதாரண இடைவெளிபோலவே இருக்கும். எக்செல்லின் 'டிரிம்' ஃபார்முலா இதைத் தொடாது. ஓப்பன்ரிஃபைனின் முதல் கட்டளை இதைச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிடும். அதனால்தான் இந்த வரிசை.

அடுத்தது இனிஷியல் புள்ளி. 'எடிட் செல்ஸ்' மெனுவில் இருக்கும் 'ரீப்ளேஸ்' மூலம் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு இடைவெளியாக மாற்றுங்கள். பிறகு மேலே சொன்ன இரண்டையும் மறுபடி கொடுங்கள். இதை விட்டுவிட்டு நேராகக் குழுவாக்கப் போனால் 'மு. செல்வம்' சேரும், 'மு.செல்வம்' சேராது. மென்பொருள் புள்ளியைத் தூக்கிவிட்டால் பின்னது 'முசெல்வம்' என்ற ஒரே சொல்லாக நிற்கும்.

இப்போது இந்த மென்பொருளின் உயிரான இடம்: 'எடிட் செல்ஸ்' மெனுவில் 'கிளஸ்டர் அண்ட் எடிட்'. ஒரே ஆளாக இருக்கக்கூடிய பெயர்களைக் குழுவாக்கி, ஒவ்வொன்றும் எத்தனை வரியில் இருக்கிறது என்றும் காட்டும். எந்த வடிவம் நிலைக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிக் போடாத குழுவை அது தொடாது. எக்செல் பட்டனோ நீக்கியது எத்தனை என்று மட்டும் சொல்லும்; எதை நீக்கியது என்று காட்டாது.

முதலில் வருவது 'ஃபிங்கர்பிரிண்ட்' முறை. நிறுத்தற்குறிகளை எடுத்து, சொற்களைப் பிரித்து, அகர வரிசையில் அடுக்கி, மறுமுறை வரும் சொல்லை விட்டு, ஒரு சாவி செய்துகொள்ளும். சாவி ஒன்றானால் ஒரே குழு. சொல் முன்பின் மாறினாலும் பிடித்துவிடுவதால் 'செல்வம் மு', 'மு செல்வம்' இரண்டும் சேரும்.

இதே குணம் தமிழ்ப் பெயர்களில் பெரிய தவறுக்கும் வழி விடுகிறது. நம்மில் பலர் பெயருக்கு முன்னோ பின்னோ அப்பா பெயரைச் சேர்த்து எழுதுகிறோம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதும் வழக்கம். முருகனின் மகன் செல்வம், அந்தச் செல்வத்தின் மகன் முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஒருவர் 'முருகன் செல்வம்', மற்றவர் 'செல்வம் முருகன்'. ஃபிங்கர்பிரிண்டுக்கு இருவரும் ஒருவரே. ஒரே வீடு, அதனால் முகவரியும் ஒன்று. வீட்டுக்கு ஒரே போன் என்றால் எண்ணும் ஒன்று. எல்லா நெடுவரிசையும் சேர்ந்து 'இது டூப்ளிகேட்தான்' என்று சாட்சி சொல்லும். அப்பாவோ மகனோ பட்டியலிலிருந்து காணாமல் போவார். இனிஷியல் இல்லாமல் இரண்டு முழுப் பெயர்கள் இடம் மாறி வரும் குழுவில் ஒருபோதும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடாதீர்கள். பிறந்த தேதி, உறுப்பினர் எண், வயது என ஏதாவது ஒன்றைப் பார்த்த பிறகே சேருங்கள். 'செலக்ட் ஆல்' பட்டனைத் தமிழ்ப் பட்டியலில் தொடவே வேண்டாம்.

அடுத்த முறை 'நியரஸ்ட் நெய்பர்', அதில் 'லெவன்ஷ்டைன்'. ஒரு பெயரை இன்னொன்றாக்க எத்தனை குறி மாற்ற வேண்டும் என்று எண்ணும். 'இராமசாமி', 'ராமசாமி' இடையே தூரம் 1. 'சரஸ்வதி', 'சரசுவதி' இடையே 2. கணினிக்கு உயிர்மெய் ஒரு எழுத்தல்ல. 'சு' என்றால் 'ச'வும் உகரக் குறியும் தனித்தனி; 'ஸ்' என்றால் 'ஸ'வும் புள்ளியும் தனித்தனி. அதனால் நம் கணக்கில் ஒரு எழுத்துப் பிழை அதன் கணக்கில் இரண்டாக வரலாம். எவ்வளவு தூரம் வரை ஒரே குழுவாகக் கொள்ளலாம் என்ற 'ரேடியஸ்' (ஆரம்) 1 என்றே வரும். அதில் ஒருமுறை, 2இல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெயர்கள் சின்னதாக இருந்தால் 'பிளாக் சார்ஸ்' எண்ணையும் 6லிருந்து 3க்குக் குறையுங்கள். இரண்டு பெயருக்கும் பொதுவான எழுத்துத் தொடர் இந்த நீளத்துக்கு இருந்தால்தான் அது ஒப்பிட்டே பார்க்கும். குறைத்தால் வேலை மெதுவாகும். சில ஆயிரம் வரிகளுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆரம் 1இலேயே 'அமலா', 'கமலா' நெருங்கிவிடும், 'செல்வன்', 'செல்வம்' நெருங்கிவிடும். ஆகவே இங்கேயும் முடிவு மனிதருடையது.

'ஸ்ரீ'யைத் தனியாகச் சொல்ல வேண்டும். யூனிகோடில் இதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 'ஶ' வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும், கணினிக்கோ வேறு வேறு. ஒரு ஸ்ரீதர் போனில் தட்டியது, இன்னொரு ஸ்ரீதர் கணினியில் தட்டியது என்றால் இரண்டும் ஒட்டாமல் நிற்கலாம். ஃபிங்கர்பிரிண்ட் இதைப் பிடிக்காது. லெவன்ஷ்டைன் ஆரம் 1 பிடித்துவிடும். ஸ்ரீநிவாசன், ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பெயரும் ஊரும் நிறைந்த பட்டியலென்றால் 'ரீப்ளேஸ்' மூலம் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மெட்டாஃபோன்3 போன்ற ஒலிப்பு முறைகள் ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயர்களுக்கு மட்டுமே. தமிழ் எழுத்துக்கு அவற்றால் பயனில்லை.

குழுவாக்கி 'மெர்ஜ்' கொடுத்த பிறகும் வரிகளின் எண்ணிக்கை குறையாது. பலரும் குழம்பும் இடம் இது. அது பெயரைத்தான் ஒன்றாக்கியது, வரிகளை அல்ல. வரியை நீக்குமுன் போன் எண்ணையும் ஒழுங்காக்க வேண்டும். 'ரீப்ளேஸ்' பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எதைத் தேட வேண்டும் என்று குறிகளால் சொல்லும் முறை) டிக் செய்து, பேக்ஸ்லாஷும் கேபிடல் 'டி'யும் (\D) கொடுத்து, மாற்றாக எதுவும் கொடுக்காவிட்டால் கூட்டல் குறி, கோடு, இடைவெளி எல்லாம் போய் இலக்கங்கள் மட்டும் மிஞ்சும். பிறகு முன்னால் இருக்கும் 91ஐ எடுக்க வேண்டும். எல்லா வரிக்கும் சேர்த்து எடுத்தால், இயல்பாகவே 91இல் தொடங்கும் பத்து இலக்க மொபைல் எண்கள் எட்டாகக் குறைந்துவிடும். அதனால் 'கஸ்டமைஸ்டு ஃபேசட்ஸ்' பட்டியலில் எழுத்து நீளத்துக்கான ஃபேசட்டை (வரிகளை மதிப்பின்படி பிரித்துக் காட்டும் வடிகட்டி) திறந்து, 12 இலக்கமுள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு 91ஐ எடுங்கள். 11 இலக்கமுள்ளவற்றில் முன் 0வை எடுங்கள். இரண்டிலும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் டிக்கோடு, எண்ணுக்கு முன் கேரட் குறி (^) போட வேண்டும். அப்போதுதான் நடுவில் வரும் 91உம் 0வும் தப்பிக்கும். ஃபேசட்டில் தெரியும் வரிகளில் மட்டுமே மாற்றம் நடக்கும் என்பது இந்த மென்பொருளின் ஆகச்சிறந்த குணம்.

வரி நீக்க எல்லாப் பதிப்பிலும் செல்லும் வழி இது. பெயரையும் போன் எண்ணையும் சேர்த்துப் புதிய நெடுவரிசை ஒன்று உருவாக்குங்கள்; இதுதான் சாவி. போன் மட்டும் போதாது, ஒரே எண்ணை வீடே பகிர்ந்துகொள்ளும். அந்த நெடுவரிசையில் முதலாவதாகவும், பதிவுத் தேதியில் இரண்டாவதாகவும் வரிசைப்படுத்தி, புதியது மேலே வரும்படி வைத்து, 'ரீஆர்டர் ரோஸ் பெர்மனென்ட்லி' கொடுங்கள். இதைக் கொடுக்காவிட்டால் வரிசை திரைக்கு மட்டும்தான். அடுத்த கட்டளை பழைய வரிசையிலேயே ஓடும். பிறகு 'எடிட் செல்ஸ்' மெனுவில் 'பிளாங்க் டவுன்'. அடுத்தடுத்து வரும் ஒரே மதிப்புகளில் முதலாவது நிற்கும், மற்றவை காலியாகும். காலியானவற்றை ஃபேசட்டில் பிரித்து, 'ஆல்' மெனுவில் 'எடிட் ரோஸ்' வழியாகப் பொருந்தும் வரிகளை நீக்குங்கள். கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நீக்காதீர்கள்: பழைய வரியில் முகவரி, புதிய வரியில் மின்னஞ்சல் என்று பிரிந்து கிடந்தால் முகவரி போய்விடும். அதை முதலில் மேல் வரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள். திரையின் மேலே 'ரோஸ்' தேர்வில்தான் இருக்க வேண்டும். சாவி நெடுவரிசை இடது ஓரத்தில் இருந்து, தேர்வு 'ரெக்கார்ட்ஸ்' என்று இருந்தால், காலி வரிகள் மேல் வரியோடு ஒட்டி ஒரே பதிவாகிவிடும். நீக்கும்போது காக்க நினைத்த வரியும் சேர்ந்து போகும். இன்னொன்று, சாவி முதலிலிருந்தே காலியாக இருக்கும் வரிகள். அவை டூப்ளிகேட் அல்ல, ஆனாலும் காலி என்ற ஃபேசட்டில் வந்து நிற்கும். 'பிளாங்க் டவுன்' கொடுக்குமுன் அவற்றைப் பிரித்துக் கொடி போட்டு வைத்து, நீக்கும்போது கொடியில்லாத வரிகளை மட்டும் எடுங்கள்.

ஐம்பது நூறு வரிகள், அதுவும் ஒரே ஆள் தட்டியது என்றால் இத்தனை வேலை தேவையில்லை. கூகுள் ஷீட்ஸில் 'டேட்டா கிளீன்அப்' மெனுவில் இடைவெளி வெட்டுவதும் டூப்ளிகேட் நீக்குவதும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. தவறினால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். எக்செல்லில் செய்தால் பிரதி எடுத்து வைத்து, பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்த பிறகே பட்டனை அழுத்துங்கள். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்தால், தேர்வை விரிக்கவா என்று அது கேட்கும். வேண்டாமென்று சொன்னால் அந்த நெடுவரிசை மட்டும் மேலேறி, ஒருவர் பெயருக்கு நேராக இன்னொருவர் போன் எண் நிற்கும்.

ஓப்பன்ரிஃபைனின் குறைகளும் உண்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பட்டியலில் வேலை செய்ய முடியாது. ஷீட்டின் நிறம், ஃபார்முலா எதுவும் உள்ளே வராது. ஒன்றுசேர்த்த செல்கள் வெறும் காலிகளாக வரும்; அவற்றை முன்னதாகவே பிரித்துவிட வேண்டும். முதல்முறை திறப்பவருக்கு மெனுக்களின் அடுக்கு திகைப்பைத் தரும். நினைவகம் இயல்பாக ஒரு ஜிபி அளவில்தான் ஒதுக்கியிருக்கும். மிகப் பெரிய கோப்புக்கு அமைப்புக் கோப்பில் அதைக் கூட்ட வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி இதை வைத்துக்கொள்ள ஒரு காரணம் 'அன்டூ ரீடூ' பலகை. மூலக் கோப்பை அது தொடுவதே இல்லை. செய்த ஒவ்வொரு படியும் வரிசையாக அங்கே நிற்கும். நாளை திறந்தாலும் எந்தப் படிக்கும் திரும்பலாம். படிகளை 'எக்ஸ்ட்ராக்ட்' செய்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வைத்துக்கொண்டால், அடுத்த மாதப் பட்டியலில் 'அப்ளை' மூலம் அப்படியே ஓட்டலாம். இடைவெளி, புள்ளி, 'ஸ்ரீ' போன்ற மாற்றங்களைச் சேமித்து வையுங்கள். குழுவாக்கிய படிகள் அன்று இருந்த பெயர்களை மட்டுமே மாற்றும், புதுப் பெயர்களைப் பிடிக்காது. அதை மாதாமாதம் கையால்தான் செய்ய வேண்டும். வரி நீக்கும் படியையும் சேமிப்பில் சேர்க்காதீர்கள், புதுப் பட்டியலைப் பார்க்காமலே அது வெட்டிவிடும்.