டிராக்கை நீட்டிய பிறகு சஸ்பென்ஷன்: நீட்டிப்புத் துண்டா, முழு ஸ்கிட்டா?

121 அங்குல டிராக்கை (பனியில் வண்டியை உந்தும் ரப்பர் பட்டையை) கழற்றிவிட்டு 136 அங்குலத்தை மாட்டினால் ஸ்னோமொபைல் மென்பனியில் அவ்வளவு சீக்கிரம் புதையாது. அதற்காகத்தான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். ஆனால் பழைய சஸ்பென்ஷன் அமைப்பை அப்படியே விட்டால், ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

2.52 அங்குலப் பிட்ச் (கண்ணிகளுக்கு இடையிலான தூரம்) உள்ள டிராக் என்றால் 48 கண்ணிகள் 54 ஆகின்றன. சுற்றளவில் கூடுவது 15 அங்குலம்; டிராக்கை உள்ளிருந்து தாங்கும் ரெயிலின் நீளத்தில் கூடுவது அதில் பாதி, ஏறக்குறைய ஏழரை அங்குலம். இதற்கு இரண்டு வழிகள்: பழைய ரெயிலின் பின்னால் நீட்டிப்புத் துண்டு பொருத்துவது, அல்லது ரெயில், கைகள், ஷாக்குகள் எல்லாம் சேர்ந்த ஸ்கிட்டை முழுதாக மாற்றுவது. கூடும் நீளம் எந்த இடத்தில் சேர்கிறது என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

நீட்டிப்புத் துண்டு போட்டால் முழுதும், ரெயிலை வண்டியோடு இணைக்கும் பின் கைக்குப் பின்னால் சேர்கிறது. கைகளும் ஷாக்குகளும் இருந்த இடத்திலேயே இருக்க, வால் மட்டும் நீள்கிறது. முடுக்கும்போது ஸ்கீக்கள் எழ வேண்டுமானால் வண்டி பின் அச்சைச் சுற்றிச் சாய வேண்டும். அந்த அச்சு இப்போது பின்னால் தள்ளிப் போயிருக்கிறது. அதனால் மூக்கு முன்போல எளிதாக எழாது. செங்குத்தான ஏற்றத்தில் இது நல்லதுதான். கூடவே ஒரு சங்கடமும் வரும். வாலின் நுனியில் விழும் அடி நீண்ட நெம்புகோலாக ரெயிலை முறுக்கும். துண்டும் ரெயிலும் சேரும் இடம் அதனால் பலவீனமான இடமாகிவிடும். இணைப்புக்கு உள்ளே வலுவூட்டும் தகடு வையுங்கள், அருகிலேயே ஒரு ஜோடி சக்கரம் கொடுங்கள், டிராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டையான ஸ்லைடரையும் முழு நீளத்துக்கு மாற்றுங்கள்.

முழு ஸ்கிட்டை மாற்றினால் பின் கையின் பிடிமானமும் பின்னுக்குப் போகிறது. சுமை அதிக நீளத்தில் ஒழுங்காகப் பரவும். சஸ்பென்ஷனுக்கு இதுதான் சரியான வழி என்பது என் கருத்து. ஆனால் டனலில் (டிராக்கை மேலிருந்து மூடும் உலோகச் சட்டத்தில்) புதிய துளைகள் போட வேண்டும். டிராக்கைச் சுழற்றும் டிரைவர் அச்சிலிருந்து இரு பக்கமும் ஒரே அளவு வராவிட்டால் டிராக் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: அந்த ஸ்கிட்டில் உள்ள ஸ்பிரிங்குகள் அது கழற்றப்பட்ட வண்டியின் எடைக்கும் அதை ஓட்டியவரின் எடைக்கும் பொருந்தியவை, உங்களுடையதற்கு அல்ல.

சரி, டியூனிங்குக்கு வருவோம். துண்டு போட்டவர்களில் பலர் முதலில் கடினமான ஸ்பிரிங் வாங்கப் போகிறார்கள். நான் லிமிட்டர் ஸ்ட்ராப்பில்தான் தொடங்கச் சொல்வேன். ஸ்கிட்டின் முன்பகுதி எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை நிர்ணயிப்பது அந்த ஸ்ட்ராப். ஒரு துளை குறைத்தால் ரெயிலின் மூக்கு மேலே வரும், ஸ்கீக்களில் எடை ஏறும், வளைவில் வண்டி பேச்சைக் கேட்கும். ஆழமான பனியில் டிராக் பனியைச் சந்திக்கும் கோணமும் சாய்வாகிவிடுவதால், பள்ளம் தோண்டாமல் மேலே ஏறும். அளவு மீறினால் ஸ்டீயரிங் கனத்துவிடும், முடுக்கும்போது எடை பின்னுக்குப் போகாமல் டிராக்கின் பிடிப்பு குறையும். ஆகவே ஒரு துளை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. ஒவ்வொரு முறையும் டிராக்கின் இறுக்கத்தையும் பாருங்கள். ஸ்ட்ராப் மாறினால் அதுவும் மாறும்.

முன் ஷாக்கின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினாலும் ஸ்கீக்களில் எடை ஏறும். வித்தியாசம், மேட்டில் மோதும்போது தெரியும்: தளர்ந்த ஸ்பிரிங் சீக்கிரம் அடிவரை போய் முட்டும். மேடு பள்ளம் நிறைந்த பாதையில் ஓட்டுபவர் ஸ்ட்ராப்பையே நம்பலாம்.

பின் டார்ஷன் (முறுக்கு) ஸ்பிரிங் விஷயத்தில் அளந்து முடிவெடுங்கள். பின் பம்பரைத் தூக்கி முழுதாக விரிந்த உயரத்தை எடுங்கள், பிறகு ஓட்டும் உடையோடு உட்கார்ந்து மறுபடி எடுங்கள். இறக்கம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் நல்ல தொடக்கம். அதற்கு மேல் இறங்கினால் பின்புறம் அமுங்கி, ஸ்கீக்கள் எடையிழக்கும். ஸ்பிரிங்கின் கால் தங்கும் கேமைத் திருப்பி முன்னழுத்தத்தைக் கூட்டுங்கள். கடைசி நிலை வரை போயும் போதவில்லை என்றால்தான் தடித்த கம்பி. அதிலும் நிதானம் வேண்டும்: விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க, 11 மில்லிமீட்டரிலிருந்து 11.5-க்குப் போனாலே ஏறக்குறைய 20 சதவீதம் கடினமாகிவிடும்.

காற்று ஷாக் உள்ள ஸ்கிட் கிடைத்தால் பம்ப் ஒன்றே போதும், ஸ்பிரிங் தேடி அலைய வேண்டாம், எடையும் குறைவு. ஆனால் வெப்பநிலை மாறும்போது அழுத்தமும் மாறும் என்பதால் ஓட்டும் இடத்துக் குளிரிலேயே அளவு பார்க்க வேண்டும்.

சீரமைத்த பாதையில்தான் பெரும்பாலும் ஓட்டம், இடையிடையே புதுப்பனி என்பவர்களுக்கு நீட்டிப்புத் துண்டு போதும். முடிந்தால் நுனி மேல்நோக்கி வளைந்த துண்டாகப் பாருங்கள். திரும்பும்போது வால் இழுக்காது, ஆழப் பனியில் ரிவர்ஸும் எளிதாக வரும். மலைச்சரிவுதான் உங்கள் இடம் என்றால் துண்டுக்குச் செலவழிக்க வேண்டாம். முழு ஸ்கிட்டுக்கே பொறுத்திருங்கள்.