மணிக்கட்டு நரம்புச் சோதனை: ஒற்றை அளவா, ஒப்பீட்டு அளவா, அல்ட்ராசவுண்டா?

கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்துப்போய்த் தூக்கத்தைக் கெடுக்கும் கார்ப்பல் டனல் சிண்ட்ரோமில், மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்தியிருக்கிறதா என்று பார்க்கச் செய்யப்படும் சோதனைகளின் தரம் ஒரே சீராக இல்லை. அறிக்கையில் ‘நார்மல்’ என்று வந்துவிட்டதாலேயே நோய் இல்லை என்று முடிவுகட்டுவது சரியாகாது.

சுருக்கமான நரம்புக் கடத்தல் சோதனையில் மீடியன் நரம்பை மட்டும் மின்சாரத்தால் தூண்டி, அந்தத் தூண்டல் விரலையும் கட்டைவிரல் மேட்டுத் தசையையும் சென்றடையும் நேரத்தை அளந்து, பொது அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். அமெரிக்க மின்நோயறிதல் மருத்துவச் சங்கம் பல ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தசைக்கான அளவு நோயுள்ளவர்களில் சுமார் 63 விழுக்காட்டினரையும், விரலுக்கான உணர்வு அளவு 65 விழுக்காட்டினரையுமே கண்டுபிடிக்கிறது. அதே கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்போடு மோதிரவிரலில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையோ 85 விழுக்காட்டை எட்டுகிறது.

இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணம் எளிமையானது. மோதிரவிரலுக்கு இரு நரம்புகளும் உணர்வைத் தருகின்றன. இரண்டையும் ஒரே 14 செ.மீ. தூரத்தில் அளக்கும்போது வித்தியாசம் 0.5 மில்லி விநாடியைத் தொட்டால், தாமதம் மீடியனில்தான் என்பது தெளிவு. வயது, உயரம், கையின் குளிர்ச்சி ஆகியவை இரு நரம்புகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிப்பதால், கழித்துப் பார்க்கையில் அவற்றின் தாக்கம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஒற்றை அளவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தோலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் நேரம் ஏறத்தாழ 0.2 மில்லி விநாடி கூடும். ஏசி அறையில் 28 டிகிரிக்கு இறங்கிய கையை 32 டிகிரிக்குச் சூடேற்றாமல் அளந்தால், நல்ல நரம்புகூட நோயுற்றதுபோல் தெரியும். கையின் வெப்பநிலையைக் குறிப்பிடாத அறிக்கையை நான் நம்பத் தயங்குவேன்.

கட்டைவிரல், மோதிரவிரல், உள்ளங்கை என மூன்று ஒப்பீடுகளின் வித்தியாசங்களையும் கூட்டி, 1.0 மில்லி விநாடியை எட்டுகிறதா என்று பார்க்கும் கூட்டுக் குறியீடு இன்னும் உறுதியானது. தனித்தனியே பார்த்து ஏதாவது ஒன்று தவறினாலே நோய் என்று சொல்லும் பிழை இதில் குறைகிறது.

கையடக்கத் தானியங்கிக் கருவிகள் விரைவான முதற்கட்ட வடிகட்டலுக்கு உதவும். அலைவடிவத்தை அனுபவமுள்ள கண் நேரில் பார்த்துத் திருத்திக்கொண்டே செல்லும் வாய்ப்பு அவற்றில் குறைவு என்பதால், அறுவை சிகிச்சை முடிவை அவற்றிடம் விடக்கூடாது.

அல்ட்ராசவுண்ட் வலியற்றது. மீடியன் நரம்பு கடந்துசெல்லும் மணிக்கட்டுக் குகையின் (கார்ப்பல் டனல்) நுழைவாயிலில் நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 10 சதுர மில்லிமீட்டர் அளவைத் தாண்டி வீங்கியிருப்பதையும், இரண்டாகப் பிரிந்த நரம்பு, கட்டி போன்றவற்றையும் அது காட்டும். நரம்பு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதைக் காட்டாது. ஆகவே ஒப்பீட்டுக் கடத்தல் சோதனையையே முதன்மையாக வைத்து, அல்ட்ராசவுண்டைத் துணையாகச் சேர்ப்பதுதான் என் தேர்வு. கழுத்து எலும்பில் நரம்பு வேர் அழுந்தியிருக்கும் என்ற ஐயம் இருந்தால் தசைக்குள் ஊசி செலுத்தி அதன் மின்செயல்பாட்டைப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனையும், சர்க்கரை நோயாளிக்குக் கால் நரம்புச் சோதனையும் கூடுதலாகத் தேவைப்படும்.